பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூர்: பியானோ ஏற்றிய வண்டியும் பிடித்து வைத்த மாடுகளும்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் இந்த வலைப்பூவில் தட்டிக்கொண்டு வருகிறாள். என் பேச்சில் வரும் கொச்சையைத் திருத்திக்கொள், ஆனால் அன்றைக்குப் பேசினவர்கள் பேச்சில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூருக்குத் திருவேற்காடு வழியாகப் போகிற பழைய பாதை எது என்று இரண்டு பேர் இங்கே கேட்டிருந்தார்களாம். இன்னொருவர், பியானோவை வீடு மாற்றுவது எப்படி என்று கேட்டிருந்தாராம். இரண்டுக்கும் ஒரே பதிலாகச் சொல்லக்கூடிய ஆள் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

நான் போனது வெள்ளைக்காரன் காலத்தில். இரண்டாவது பெரிய சண்டை தொடங்க இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. எனக்கு இருபத்திரண்டு வயது. சொந்தமாக ஒரு பாரவண்டி, ஒரு ஜோடி மாடு. ஒன்று செவலை, ஒன்று மயிலை. பூந்தமல்லியில் பட்டாளம் தங்குகிற தண்டுப் பக்கத்தில் ஒரு பட்டாளத்து அதிகாரியின் விதவை தன் சாமான்களையெல்லாம் ஏலத்தில் விட்டுவிட்டுக் கப்பலேறப் போனார். அவர் வீட்டுப் பியானோவை அம்பத்தூர் செங்கல் சூளைக்காரர் துரைசாமி எடுத்திருந்தார். அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. கூலி மூன்றரை ரூபாய். வைக்கோலும் கயிறும் என் செலவு.

பியானோவோடு ஒரு ஆளும் வந்தார். டெய்சி டீச்சர். அந்த விதவையம்மாளுக்குத் துணையாக ஆறு வருஷம் இருந்து, அந்தப் பியானோவையே வாசித்துக்கொண்டிருந்தவர். முப்பது வயது இருக்கும், தமிழ் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். சூளைக்காரர் தன் மகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்க அவரையும் வரச் சொல்லியிருந்தார். வீட்டின் பின்கட்டில் ஒரு அறையும் சாப்பாடும் தருவதாகப் பேச்சு. நான் இங்கே சொல்லும் நேரமெல்லாம் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னது. தூரம் மட்டும் என் கணக்கு. மைல் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் எத்தனை கல் கடந்தோம் என்று எண்ணத் தெரியும்.

காலை ஆறு மணிக்கு ஏற்ற ஆரம்பித்தோம். நிற்கிற மாதிரிப் பியானோ அது, நாலு மூட்டை நெல் கனம். வண்டியில் முழங்கால் உயரம் வைக்கோல் பரப்பி, பூந்தமல்லி பாய் கடையில் வாங்கின பழைய மெத்தை இரண்டைப் போட்டு, பலகை சாய்த்து ஆறு பேராக ஏற்றினோம். ஏற்றும் முன் எங்கள் வண்டிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எழுதி வாங்கத் தெரியாதவர்கள் நாங்கள். அதனால் சாமானில் இருக்கும் குறையை ஏற்றுகிற இடத்தில் உரக்கச் சொல்லிவிடுவோம், கொடுக்கிறவர் அதைத் திருப்பிச் சொல்வார். இறக்குகிற இடத்தில் அதே குறையை அதே வரிசையில் சொல்லி ஒப்படைப்போம். ஒன்று கூடினாலும் பொறுப்பு எங்களுடையது.

பியானோவுக்கும் அப்படியே செய்தேன். இடது கோடியிலிருந்து வலது கோடி வரை ஒவ்வொரு கட்டையாக ஒரு விரலால் தட்டினேன். எண்பத்தைந்து கட்டை. வெள்ளை ஐம்பது, கறுப்பு முப்பத்தைந்து. இடமிருந்து இரண்டாவது வெள்ளை ஊமை. நடுவில் ஒரு கறுப்பு அமுக்கினால் எழும்பாது, விரலால் தூக்கிவிட வேண்டும். வலக்கோடிக்கு நாலு கட்டை முன்னால் ஒரு வெள்ளையில் வண்டு ரீங்கரிப்பது போல ஒரு சத்தம். மூன்று குறை. டீச்சர் மூன்றையும் திருப்பிச் சொன்னார்.

ஏழேகாலுக்குக் கிளம்பினோம். என் மச்சினன் மன்னாரு வண்டிக்குப் பின்னால் நடந்தான், மேட்டில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க ஒரு கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு. டீச்சர் முன்பலகையில் உட்கார்ந்தார். மடியில் ஒரு தோல் பை, காலடியில் ஒரு டிரங்குப் பெட்டி.

பூந்தமல்லியிலிருந்து வேலப்பன்சாவடி மூன்று கல். பெரிய ரோடு, சமமான ரோடு, பயமில்லை. ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். அங்கே ஒரு கொட்டகையில் காப்பி, ஆளுக்கு அரையணா. இன்றைக்கு அங்கே காலேஜ் காலேஜாக நிற்கிறது, அன்றைக்கு அந்தக் கொட்டகையும் ஒரு புளியமரமும்தான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினோம். வடக்கே திரும்பித் திருவேற்காடு ஒன்றரைக் கல், வண்டித் தடம். பள்ளம் வரும்போதெல்லாம் பெட்டிக்குள்ளிருந்து லேசாக ஒரு முனகல் வரும்.

மன்னாரு பின்னாலிருந்து கத்தினான். "இன்னா மாமே, பொட்டிக்குள்ள ஆரோ பல்லு வலில கீறாங்க போல!"

டீச்சர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு முனகலுக்கும் பலகையைப் பிடித்துக்கொண்டார். அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாத கவலை ஒன்று இருக்கிறது என்று எனக்கு அப்போதே பட்டது. "அங்க போனா சவுக்கியமா இருக்கலாமேம்மா" என்றேன் பேச்சுக்கு. "இருக்கணும் கோவிந்தா. இதை விட்டா எனக்குப் போக ஒரு எடம் கெடையாது" என்றார். அண்ணன் வீட்டில் சேர்க்க மாட்டார்களாம். வேறு வீட்டில் பியானோ இல்லையாம்.

கோயிலைத் தாண்டியதும் கூவம். இப்போது பாலம் இருக்கிறது, ஷேர் ஆட்டோவில் கண்ணை மூடிக்கொண்டு போய்விடலாம். அப்போது ஆற்றுக்குள் இறங்கித்தான் ஏற வேண்டும். மாசியில் தண்ணீர் ஒரு ஓரமாகக் கணுக்காலளவு ஓடியது, மற்றதெல்லாம் மணல். நடு ஆற்றில் யாரோ ஊற்று தோண்டிவிட்டு மூடாமல் போயிருக்கிறார்கள். மேலே மணல் சரிந்து குழி தெரியவில்லை. இடது சக்கரம் அதில் இறங்கியது. பெட்டிக்குள் இருந்த அத்தனை கம்பியும் ஒரே சமயத்தில் கத்தின.

சக்கரத்தை எடுத்து வண்டியைக் கெட்டி மணலில் நிறுத்த அரை மணி ஆயிற்று. மணி பத்தரை. டீச்சர் முகம் வெளுத்துப் போயிருந்தது. "முன்கயித்தை மட்டும் தளர்த்து. நான் பாக்கணும்" என்றார். தளர்த்தினேன். நான் மறுபடியும் எண்பத்தைந்தையும் தட்ட ஒரு விரலை நீட்டினேன். அவர் என்னைத் தள்ளச் சொல்லிவிட்டு, வண்டி மேலே நின்றபடியே, இடது முழங்கையிலிருந்து விரல் நுனி வரை முழுக் கையையும் கட்டைகள் மேல் வைத்து அமுக்கினார்.

அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. இடி என்று சொல்லலாம், ஆனால் இடி அடங்கும், இது அடங்காமல் உள்ளேயே ஒன்றோடொன்று மோதிக்கொண்டு நின்றது. கையை எடுக்காமல் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு வலது கையை வலப்பக்கம் வைத்து அமுக்கினார். மாடு இரண்டும் தலையைத் தூக்கின.

"மாமே, மயில காத நட்டுக்கினு நிக்குது பாரு" என்றான் மன்னாரு. "இன்னா டீச்சரம்மா, பொட்டி மேல எதுனா கோவமா?"

"கோவம் இல்ல மன்னாரு. ஒண்ணொண்ணா தட்டிப் பார்த்தா நேரமாகும். இப்படிக் கை வச்சா எந்தக் கம்பியாவது அறுந்திருக்கான்னு ஒரே தடவையில தெரிஞ்சுடும். எதுவும் அறுந்து போகல." அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. கையை எடுக்காமலேயே, "இது பாட்டுலயும் வரும்" என்றார்.

"அடிக்கறதா?"

"ஆமா." தோல் பையிலிருந்து காகிதக் கட்டு ஒன்றை எடுத்தார். அந்த விதவையம்மாளின் மகன் வெளிநாட்டிலிருந்து கப்பலில் அனுப்பின அச்சுக் காகிதமாம். அம்மாளுக்கு அது காதுக்கு ஆகாது. அவர் புதன்கிழமை மாதா கோயில் கூட்டத்துக்குப் போனபிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு இவர் வாசிப்பாராம். ஆறு வருஷத்தில் அந்தப் பாட்டை வேறொரு மனிதக் காது கேட்டதில்லை.

எனக்கு எழுத்துத்தான் தெரியாது, கண் இருக்கிறது. அவர் பையில் வேதப்பாட்டுக் காகிதம் ஒன்றும் இருந்தது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வேதப்பாட்டில் புள்ளிகள் கயிறு பிடித்து நட்ட நாற்று மாதிரி இடம் விட்டு இடம் விட்டு நின்றன. மற்றதில் ஒரே குழியில் ஏழெட்டு நாற்றைச் சேர்த்துச் செருகினது போல இருந்தது. சில இடத்தில் நாற்றே இல்லை, கரியால் இழுத்த மாதிரி ஒரு தடித்த பட்டை. "இந்தப் பட்டைதான் முழுக்கையா?" என்றேன். டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதேதான்" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "பக்கத்துப் பக்கத்துக் கட்டைய சேர்த்துத் தட்டினா சண்டை போடும், அதனால தட்டாதேன்னு இத்தனை காலமா எல்லாரும் ஒதுக்கி வச்சிருந்தாங்க. இப்ப அங்க சில பேர், ஒதுக்கினத எடுத்து அதுலயே பாட்டுக் கட்டிப் பாக்கறாங்க. கூட ஆள் கெடையாது, வேற வாத்தியம் கெடையாது. ஒரு ஆளு, ஒரு பியானோ. அந்தச் சண்டைக்குத் தப்பிக்க எடமே இல்ல. வழக்கமா பாட்டு எங்க சுத்தினாலும் கடைசியில ஊட்டுக்கு வந்து ஒக்காரும். இது ஒக்காராது."

ஆற்று மணலில் மாடு நிற்க, கொஞ்சம் வாசித்தார். பாதியில் மன்னாரு, "வெயில் ஏறுது மாமே" என்றதால் நிறுத்திவிட்டார். பலகையை மூடும்போது, "இன்னிக்குச் சாயங்காலம் அங்க இதைத்தான் வாசிக்கப் போறேன்" என்றார். "எதை வாசிக்கணும்னு எனக்கு யாரும் இன்னும் சொல்லல. நாளைக்குச் சொல்லிடுவாங்க."

திருவேற்காட்டிலிருந்து அயனம்பாக்கம் ஏரிக்கரை வழியாக அம்பத்தூர் நாலரைக் கல். மொத்தம் ஒன்பது. பியானோ வண்டி மணிக்கு இரண்டு கல்லுக்கு மேல் போகக் கூடாது, இது எல்லோருக்கும் சொல்கிறேன். இரண்டு மணிக்கு சூளைக்காரர் வீட்டு வாசல். ரயிலடிக்குத் தெற்கே கால் கல் தூரம், புதுசாகக் கட்டின மாடி வீடு. சூளை ஆட்கள் எட்டுப் பேர் இறக்கினார்கள். துரைசாமி பக்கத்தில் நிற்க, எண்பத்தைந்தையும் தட்டிக் காட்டினேன். அதே ஊமை, அதே எழும்பாத கறுப்பு, அதே வண்டு. "நாலாவது கொறை இல்லையேடா?" என்றார். "இல்ல எஜமான்." அவருக்குச் சந்தோஷம். மோர் கொடுக்கச் சொன்னார். "சாயங்காலம் பெரிய மனுசங்க வராங்க. கேட்டுட்டுப் போ. மாடும் ஆறட்டும்."

அங்கேதான் நான் தப்புச் செய்தேன். மோரைக் குடித்த கையோடு கிளம்பியிருக்க வேண்டும்.

ஐந்து மணிக்கு ஸ்டேஷன் மாஸ்டர் வந்தார், திருநின்றவூரிலிருந்து ஒரு வக்கீல் வந்தார், பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் மனைவியோடு வந்தார். கூடத்தில் நாற்காலி போட்டிருந்தது. பன்னிரண்டு வயது மகள் கமலா பட்டுப் பாவாடையோடு பியானோ பக்கத்தில் நின்றாள். நானும் மன்னாருவும் வாசற்படிக்கு வெளியே. "ஏதாவது நல்லதா வாசிங்கம்மா" என்றார் துரைசாமி. டீச்சர் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துப் பலகையில் நிறுத்தினார்.

முதலில் வலது கையில் ஒற்றை ஒற்றையாக நாலு சுரம். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்து இடது உள்ளங்கை விழுந்தது. வக்கீல் நாற்காலியில் நிமிர்ந்தார். நடுவில் இரண்டு பக்கத்துக் கட்டைகளை, தட்டார் வீட்டுச் சுத்தியல் மாதிரி விடாமல் அடித்தார். அந்த இரண்டும் ஒன்றையொன்று அறுத்தன. அதன் மேலேயே முன்னால் வந்த நாலு சுரம் மறுபடியும் வந்தது, ஆனால் இடம் மாறி. பிறகு முழங்கை. வாத்தியார் மனைவி காதைப் பொத்திக்கொண்டார். எனக்கு ஆற்றில் கேட்டதெல்லாம் வரிசையாக வந்துகொண்டிருந்தது, அதனால் அடுத்து எங்கே விழும் என்று தெரிந்தது. மற்றவர்களுக்கு ஒவ்வொன்றும் மேலேயிருந்து தலையில் விழுந்தது போல இருந்திருக்கும்.

துரைசாமி எழுந்துவிட்டார். "நிறுத்தும்மா!"

நிறுத்தினார். பாதிதான் முடிந்திருந்தது.

அவர் டீச்சரைப் பார்க்கவில்லை. நேராக வாசலுக்கு வந்தார். "எங்கடா போட்ட?"

"எஜமான்?"

"பொட்டிய எங்கடா போட்டு ஒடச்ச? ஆத்துல வுட்டியா?"

சக்கரம் குழியில் இறங்கினது உண்மைதானே. எனக்கு வாய் குழறியது. அது போதும் அவருக்கு. "ஒண்ணொண்ணா தட்டிக் காட்டி என்ன ஏமாத்திக்கினு கீறியா? ஒத்தையா தட்டச்சொல்லோ எல்லாம் ஒழுங்கா கீது. ஒண்ணா சேந்தா பார், நாராசம்! உள்ள எல்லாம் கலங்கிப் பூடுச்சு."

மூட்டையை ஒவ்வொன்றாகத்தான் எண்ணுவோம். எங்கள் வழக்கத்தில் சேர்த்துத் தட்டிப் பார்ப்பது என்று ஒன்று கிடையாது. எங்கள் அப்பன் காலத்திலிருந்து எதை ஏற்றினாலும் ஒன்று ஒன்றாகப் பார்த்து ஒப்படைத்துப் பழகினவர்கள், பியானோவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டோம்.

ஸ்டேஷன் மாஸ்டர், மெட்ராஸிலிருந்து பியானோ பார்க்கிற ஆளை வரவழைக்கலாம், பத்து நாள் ஆகும் என்றார். "வரட்டும்" என்றார் துரைசாமி. "அதுவரிக்கும் மாடு ரெண்டும் நம்ம கொட்டாய்ல கெடக்கட்டும்." சூளை ஆள் இரண்டு பேர் என் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். செவலை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. அதற்கு முந்தின ஐப்பசியில் செங்கல் வண்டிக்காரன் ஒருவனின் மாட்டை இப்படித்தான் அந்தக் கொட்டகையில் கட்டினார்கள். ஒரு மாதம் கழித்து அவை சந்தையில் நின்றன. வண்டிக்காரனுக்கு மாடு போனால் கை போன மாதிரி.

மன்னாரு என் முதுகில் இடித்தான். "சொல்லு மாமே! ஆத்துலயே இந்தக் கத்துதானே கத்துச்சு! நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"சும்மா கெட."

"ஏன் சும்மா? அந்தம்மா வாய்ல இன்னா கொழுக்கட்டயா கீது?"

அதுதான். டீச்சர் வாயைத் திறக்கவில்லை. பியானோவுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்து பலகை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் கணக்கு புரிந்தது. குறை பெட்டியில் என்றால் அவருக்கு அறை இருக்கும், சாப்பாடு இருக்கும். குறை பெட்டியில் இல்லை, நான் வாசித்ததே அப்படி என்றால் இரண்டும் இருக்காது. எனக்கு மாடு, அவருக்கு வீடு. அந்தக் கூடத்தில் இது தெரிந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்தான்.

என்னிடம் சாட்சி இருந்தது. பலகையில் நின்ற காகிதம்தான் சாட்சி. இங்கே படித்தவர்கள் ஐந்து பேர் இருக்கிறார்கள், ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேதப்பாட்டுக் காகிதத்தையும் அதையும் பக்கத்தில் வைத்து, இதோ இங்கே நாற்று, இதோ இங்கே கரிப்பட்டை, பட்டை வருகிற இடத்தில் முழங்கை விழுகிறதா பாருங்கள் என்று காட்டினால் குழந்தைக்கும் விளங்கும். படியேறிக் கூடத்துக்குள் போனேன். செருப்பைக்கூட வெளியே விட மறந்துவிட்டேன். பியானோவுக்கு இரண்டடி முன்னால் நின்றேன். கை எட்டும் தூரம்.

எடுக்கவில்லை. ஏன் என்று இன்றைக்கும் முழுதாகத் தெரியாது. "டீச்சரம்மா, அந்தக் காயிதத்த நான் எடுத்து எஜமானுக்குக் காட்டட்டுமா?" என்று கேட்டேன்.

துரைசாமி, "இன்னாடா காயிதம்?" என்றார். டீச்சர் என்னைப் பார்த்தார்.

"வேண்டாம்" என்றார்.

முடிந்தது, மாடு போயிற்று என்று நினைத்தேன். மன்னாரு வாசலில் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான்.

டீச்சர் காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். கட்டைகள் மேல் விரலை வைத்து வேதப்பாட்டு ஒன்றை வாசித்தார். நாலு கட்டை, ஐந்து கட்டை சேர்த்துச் சேர்த்துத்தான் வாசித்தார். எல்லாம் தேன். வாத்தியார் மனைவி முணுமுணுத்துக் கூடவே பாடினார். முடித்துவிட்டு, மூச்சு வாங்காமல், அந்தக் காகிதத்தைப் பார்க்காமலேயே, உள்ளங்கையையும் முழங்கையையும் போட்டு மற்றதை ஆரம்பித்தார். இந்த முறை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கடைசி வரை வாசித்தார். முடியும்போது நாலு சுரமும் ஒவ்வொன்றாக வந்து, எங்கேயும் உட்காராமல், நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

"பெட்டியில குறை இல்ல" என்றார். "நான் வாசிச்சதே அப்படித்தான். அவர் மாட்டை அவுத்து விடுங்க."

துரைசாமி கெட்டவர் இல்லை. முகம் சிவந்துபோய் நின்றார். பிறகு ஆளை அனுப்பாமல் தானே கொட்டகைக்குப் போய் இரண்டு மாட்டையும் ஓட்டிக்கொண்டு வந்து கயிற்றை என் கையில் கொடுத்தார். ஒரு கட்டு வைக்கோலும் போடச் சொன்னார். என்னிடம் அவர் பேசின பேச்சு அந்த வைக்கோல்தான்.

திரும்பி வந்து டீச்சரிடம் தணிவாகவே சொன்னார். "இரும்மா. எங்கியும் போவாத. அந்த மொதப் பாட்டு மாதிரி சொல்லிக் குடு. இத மட்டும் இந்த ஊட்ல வாசிக்காத. அவ்வளவுதான் நான் கேக்கறது."

"இதை மறைச்சு வச்சுட்டு இங்க இருக்க முடியுமான்னு பாத்தேங்க" என்றார் டீச்சர். "அதனாலதான் இவர் மாட்டைப் பிடிச்சுக் கட்டற வரைக்கும் வாய் தொறக்காம ஒக்காந்திருந்தேன். என்னால அதைவிடக் கேவலமா இருக்க முடியாது."

தோல் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கமலா மட்டும் வாசல் வரை வந்து நின்றாள்.

ரயிலடிக்கு அவரை வண்டியில் கொண்டுபோய் விட்டேன். ஆறு நாற்பதுக்கு மெட்ராஸ் வண்டி, டிக்கெட் இரண்டணாவோ என்னவோ, அவர்தான் வாங்கினார். அங்கே யாரிடம் போகிறார் என்று கேட்டேன். "தெரியல" என்றார். மன்னாரு அவருடைய டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்தான். என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

ரயில் தூரத்தில் தெரிந்தபோது, "கோவிந்தா, உண்மையச் சொல்லு. நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"நல்லா இல்லம்மா" என்றேன். "ஆனா மொதல்லேந்து கடசீ வரிக்கும் ஒண்ணு வுடாம ஞாபகம் கீது."

அன்றைக்கு முழுவதும் அவர் சிரித்தது அப்போதுதான்.

இனி போகிறவர்களுக்கு. அதே வழியில் போக விரும்பினால் பூந்தமல்லியில் காலையிலேயே கிளம்புங்கள். வேலப்பன்சாவடியில் வடக்கே திரும்புங்கள், திருவேற்காடு பாலம் தாண்டி அயனம்பாக்கம், அங்கிருந்து அம்பத்தூர். அந்தக் காலத்து ஏழு மணி நேரப் பயணம் இன்றைக்கு நெரிசல் இல்லாவிட்டால் முக்கால் மணி. ஆறு எங்கே ஓடியது என்று தேடாதீர்கள், மூக்கு காட்டிக்கொடுக்கும்.

பியானோ கொண்டுபோகிறவர்களுக்கு: கீழே மெத்தை, மேலே கயிறு, வேகம் வேண்டாம். இறக்கின அன்றைக்கே கச்சேரி வைக்காதீர்கள், இரண்டு நாள் அசையாமல் நிற்கட்டும். ஒப்படைக்கும்போது ஒவ்வொன்றாகவும் தட்டிக் காட்டுங்கள், சேர்த்தும் தட்டிக் காட்டுங்கள். இவ்வளவும் செய்தால் உங்கள் மேல் பழி வராது.

ஒன்று மட்டும் எனக்குத் தீராமல் இருக்கிறது. நான் கேட்காமல் அந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டியிருந்தால் மாடும் கிடைத்திருக்கும், காட்டிக்கொடுத்த பழியும் என் மேலேயே விழுந்திருக்கும். 'ஏதோ புதுப் பாட்டு, இனி வாசிக்கவில்லை' என்று அவர் சமாளித்திருக்கலாம், அறையில் இருந்திருக்கலாம். கேட்டதால்தான் அவர் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. நான் மரியாதையாகத்தான் கேட்டேன். அந்த மரியாதைதான் அவரை ரயிலேற்றியது.